45 வயதில் கூடும் ஒற்றைத் தலைவலி: ஹார்மோன் மருந்து யாருக்கு, எப்படி?

மதுரைப் பக்கம் ஒரு பெண்ணுக்குத் தலைவலி வந்தால் முதல் பழி தலைக்கு ஊற்றிய தண்ணீர் மேல்தான் விழும். “ஈரத்தலையோட இருந்துட்டேன் டாக்டரம்மா, நீர் கோத்துக்கிருச்சு” என்பார்கள். அடுத்தது பித்தம், அதற்கும் அடுத்தது சைனஸ். தண்ணீரைச் சந்தேகிப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மாதவிலக்கான மூன்றாம் நாள் தலைக்குக் குளிப்பது பல வீடுகளில் வழக்கம். மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியும் அந்த நாட்களைத்தான் தேடி வருகிறது. விலக்காவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து விலக்கான மூன்றாம் நாள் வரை, மூன்று மாதத்தில் இரண்டு மாதமாவது வலி வந்தால் அது மாதவிலக்கோடு சேர்ந்த மைக்ரேன். ஈஸ்ட்ரோஜன் எனும் பெண் ஹார்மோன் அந்த நாட்களில் சட்டென்று இறங்குவதுதான் காரணம். பாவம், தண்ணீர் என்ன செய்யும்!

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு முழுதாக நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சினைப்பைகள் தடுமாறத் தொடங்கிவிடும். இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வற்றுவது கடைசியில்தான். அதுவரை தாறுமாறாக ஏறி இறங்கும். சில மாதங்களில் இளவயதில் இருந்ததைவிட அதிகமாகக்கூட ஏறும். 30 வயதில் மாதம் ஒருமுறை வந்து போன தலைவலி 45இல் வாரம் ஒருமுறை வருவது இதனால்தான். ஆக, ஹார்மோன் குறைந்துவிட்டது, ஊற்றி நிரப்பிவிடலாம் என்ற கணக்கு இங்கே சரிவராது. கரன்ட் ஏறி இறங்கும் வீட்டில் ஸ்டெபிலைசர் வைக்கிறோமே, அந்த வேலையைத்தான் மருந்திடம் எதிர்பார்க்கிறோம். எந்த மருந்து, எந்த வழியில், எந்த அளவில் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

மாட்டுத்தாவணியில் உதிரிப் பூ வாங்கிக் கட்டி விற்கும் ஒரு அம்மா வந்தார். வயது 47. மல்லிகை வாசம் பட்டாலே ஒரு பக்க மண்டை தெறிக்கிறது, வாந்தி வருகிறது. பிழைப்பே பூ என்றால் என்ன செய்வது? மஞ்சப்பை நிறைய ஸ்கேன், எக்ஸ்ரே. எல்லாவற்றிலும் ‘நார்மல்’. வாசம், வெளிச்சம், சத்தம் எதுவும் ஆகாமல் போவது மைக்ரேனின் அடையாளம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இரவில் உடம்பு காந்துகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் இல்லை, விலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதெல்லாம் நான் கேட்ட பிறகே வெளியே வந்தது. தலைவலிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஹார்மோனுக்குப் போகும் முன் அவரிடம் பேச வேண்டியது வேறொன்று இருந்தது: மெடிக்கல் ஷாப்பில் “தலைவலிக்கு ஒரு செட்” என்று கேட்டு வாங்கும் மாத்திரைகள். பாராசிட்டமால் மாதிரியான சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், எர்கோட்டமின் அல்லது காஃபின் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இதை விடாமல் ஹார்மோன் கொடுத்தால் பலன் தெரியாது. பழி மட்டும் ஹார்மோன் மேல் விழும்.

அப்புறம் காலண்டர். ஹார்மோன் பரிசோதனைப் பேக்கேஜ் என்று காசைக் கொட்டிவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். 45 வயதுக்கு மேல் விலக்கு தப்பி, உடல் காந்தலும் இருந்தால் ரத்தப் பரிசோதனை இல்லாமலே இது விலக்கு நிற்கப்போகும் பருவம் என்று சொல்லிவிடலாம். இன்று எடுத்த ஈஸ்ட்ரோஜன் அளவு அடுத்த வாரம் வேறாக இருக்கும். வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் விலக்கான நாளுக்கு ஒரு குறி, தலைவலி நாளுக்கு ஒரு குறி, மாத்திரை போட்டதற்கு ஒரு குறி என்று மூன்று மாதம் போட்டுக்கொண்டு வாருங்கள். எனக்கு அதுதான் பெரிய ரிப்போர்ட்.

சரி, ஹார்மோன் சிகிச்சை யாருக்கு? வெறும் தலைவலிக்கு மட்டும் நான் அதை எழுதுவதில்லை. மைக்ரேனுக்கென்று சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் இருக்கின்றன. இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால் அவை கூடாது. தடுப்புக்கு புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் உண்டு. உடல் காந்தல், இரவு வியர்வை, தூக்கமின்மை இவற்றோடு தலைவலியும் சேர்ந்து ஆட்டிவைக்கும்போதுதான் ஹார்மோன் நல்ல தேர்வாகிறது.

எழுதும்போது ஈஸ்ட்ரோஜனை முடிந்தவரை மாத்திரையாகக் கொடுப்பதைத் தவிர்க்கிறேன். வாய்வழி போனால் அளவு ஏறி இறங்கும், தலைவலி கூடலாம்; ரத்தம் உறையும் அபாயமும் சற்று உண்டு. தோல் வழியாகப் போனால் அளவு ஓரளவு சீராக இருக்கும். வழக்கமான அளவில் உறைதல் அபாயம் கூடுவதாகவும் தெரியவில்லை. தோலில் ஒட்டும் பேட்ச் உண்டு, ஆனால் மதுரை வெயிலில் வேர்த்து உரிந்துவிடுகிறது. ஜெல் தோது. தினமும் ஒரே நேரத்தில், காய்ந்த தோலில், மேற்கையிலோ தொடையிலோ தடவிக் காயவிட வேண்டும். எண்ணெய் தேய்த்த உடம்பிலோ மஞ்சள் பூசிய தோலிலோ வேண்டாம், மார்பில் கூடவே கூடாது. தடவிய இடம் குழந்தைகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலிக்குக் கொடுத்த ஜெல் என்பதற்காக நெற்றியில் தேய்க்க வேண்டாம், இது தைலம் இல்லை!

கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் அதன் உட்சவ்வு தடித்துப் புற்றாகும் அபாயம் உண்டு. எனவே அந்தச் சவ்வைக் காக்கும் இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டரோன் கட்டாயம். மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டரோன் மாத்திரையை இரவில் போடுவது நல்லது, தூக்கமும் வரும். கடைக்காரர் “இது மாசமா இருக்கவங்களுக்குக் குடுக்கிறதாச்சே” என்று கேட்டால் பயப்பட வேண்டாம், அதே மருந்துதான். மாதத்தில் 12 நாள் மட்டும் போட்டு நிறுத்தினால் சிலருக்கு அந்த ஏற்ற இறக்கமே வலியைக் கிளப்பும். அவர்களுக்கு தினமும் 100 மில்லிகிராம், அல்லது புரோஜெஸ்டரோன் போன்ற லெவோநார்ஜெஸ்ட்ரல் மருந்து உள்ள, கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம். விலக்கில் அதிக ரத்தப்போக்கும் இருந்தால் சாதனம் இரண்டு வேலையையும் பார்க்கும், கருத்தடையும் ஆகிவிடும். விலக்கு தப்பித் தப்பி வந்தாலும் கரு தங்கலாம். ஜெல்லும் புரோஜெஸ்டரோன் மாத்திரையும் அதைத் தடுக்காது.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வலிக்கு முன் கண்ணில் நெளிநெளியாக மின்னுவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது, கை மரத்துப்போவது, இதை ஆரா என்கிறோம். 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். ஆரா உள்ள பெண் இரு ஹார்மோன் சேர்ந்த கருத்தடை மாத்திரையைத் தொடவே கூடாது, பக்கவாத அபாயம் கூடும். அந்த மாத்திரையில் பொதுவாக இருப்பது வீரியம் கூடிய எத்தினைல் ஈஸ்ட்ரடயால். ஜெல்லில் இருப்பது நம் சினைப்பை சுரக்கும் அதே ஈஸ்ட்ரடயால், குறைந்த அளவில். ஆகவே ஆரா இருந்தாலும் குறைந்த அளவு ஜெல் கொடுக்க முடியும். தொடங்கிய பிறகு புதிதாக ஆரா வந்தால் மட்டும் உடனே வந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ ரத்த உறைவோ கண்டவர்கள், கடும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. “ஹார்மோன் போட்டா கேன்சர் வரும்” என்ற பயம் 2002இல் வந்த அமெரிக்க ஆய்வோடு பரவியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. மருந்தும் வேறு, வாய்வழி மாத்திரை. பல ஆண்டுகள் இரண்டு ஹார்மோனையும் சேர்த்து எடுத்தால் மார்பகப் புற்று அபாயம் சிறிது கூடுவது உண்மைதான். அதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

அந்தப் பூக்கார அம்மாவுக்கு ஜெல்லும் இரவு மாத்திரையும் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன். வியர்வை முதலில் நின்றது, தூக்கம் வந்தது, வலி பாதிக்கு மேல் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. அவருடைய சினைப்பைகள் இன்னும் வேலை செய்கின்றன. அவற்றின் ஆட்டத்தை வெளியிலிருந்து போகும் ஜெல் முழுதாக அடக்க முடியாது. விலக்கு நின்ற பின் பலருக்கு மைக்ரேன் தானாகவே தணியும்.

“கர்ப்பப்பையை எடுத்துருங்க, எல்லாம் போயிரும்” என்று கேட்டுக்கொண்டு உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து இன்னும் வருகிறார்கள். தலைவலிக்காக அந்த ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழும், மைக்ரேன் பலருக்கு முன்னைவிட மோசமாகும்.

50 வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் தலைவலி, இடி விழுந்த மாதிரி சட்டென்று உச்சத்துக்குப் போகும் வலி, கைகால் பலவீனம், வாய் கோணுதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு: இவை எதுவும் ஹார்மோன் கணக்கில் சேராது, நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, சித்திரைத் திருவிழா. திருக்கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் விலக்கு தள்ளிப்போக நார்எத்திஸ்டிரோன் மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறார்கள். நாளுக்கு மூன்று என்ற அளவில் போடும்போது அதில் ஒரு பகுதி உடம்புக்குள்ளேயே எத்தினைல் ஈஸ்ட்ரடயாலாக மாறுகிறது. ஆரா உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று மேலே சொன்ன அதே பொருள். நிறுத்தியதும் வரும் இறக்கத்தில் தலைவலி தனி. கூடவே விரதம், வெயில், கண்விழிப்பு. விசேஷத் தேதி தெரிந்ததும் வந்து கேளுங்கள், முந்தின நாள் வேண்டாம். ஏற்கெனவே ஜெல் போடுகிறவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது அதை மறக்காமல் பைக்குள் எடுத்து வையுங்கள்; நாலு நாள் விட்டுப்போனால் அந்த இறக்கத்துக்கே வலி வந்துவிடும்.