நன்னடத்தையா, தகுதிகாணா? ‘புரொபேஷன்’ என்ற சொல்லின் கதை

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பையனுக்கு வந்த நியமனக் கடிதத்தில் ஒரு வரி: ‘ஆறு மாதம் நன்னடத்தைக் காலம்.’ அவனுடைய அப்பா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஏன் தம்பி, எங்க பய அப்படி என்ன தப்பு செஞ்சுட்டான்?”

தப்பு மொழிபெயர்த்தவருடையது. வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு உரியது ‘தகுதிகாண் காலம்’. ‘நன்னடத்தை’ என்றால் நீதிமன்ற வாடை அடிக்கும்: குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் புரொபேஷன் என்ற ஒரே சொல்தான்.

அதன் வேர் லத்தீன் ‘புரொபாரே’: சோதித்துப் பார்த்தல், மெய்ப்பித்தல். 1841இல் பாஸ்டன் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளி ஜான் அகஸ்டஸ், குடித்ததற்காக நீதிமன்றத்தில் நின்ற ஒருவரைத் தன் பொறுப்பில் பிணை எடுத்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கூட்டிவந்தபோது ஆள் தெளிந்திருந்தார். ஒரு சதம் அபராதமும் வழக்குச் செலவுமாக விஷயம் முடிந்தது. குற்றவாளியைச் சோதித்துப் பார்க்கும் காலம் என்ற பொருள் இந்தச் சொல்லில் ஊன்றியது அவரால்தான். பிரித்தானியா 1907இல் சட்டம் கொண்டுவந்து, நன்னடத்தை உத்தியோகத்தரின் வேலை அறிவுரை சொல்வது, உதவுவது, நட்பாயிருப்பது என்று எழுதிவைத்தது. நட்பாயிருக்கச் சொல்லும் சட்டங்கள் அபூர்வம். இலங்கைக்குரிய குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944இல் வந்தது.

மலையகத்தில் அரச அலுவலகப் பலகைகளைப் பார்த்தால் தமிழில் ‘நன்னடத்தை’, சிங்களத்தில் ‘பரிவாஸ’ என்றிருக்கும். பரிவாஸ, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் வரும் பாளிச் சொல். பாரதூரமான சில குற்றங்களைச் செய்து மறைத்த பிக்கு, எத்தனை நாள் மறைத்தாரோ அத்தனை நாள் ஒதுங்கி வாழவேண்டும். வரிசையில் கடைசியில் உட்காரவேண்டும், வந்துபோகும் பிக்குகளிடமெல்லாம் தன் குற்றத்தைச் சொல்லவேண்டும். அதன்பின் மானத்த என்ற ஆறு இரவுகள். கடைசியில் இருபது பிக்குகள் கூடி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். வேற்றுச் சமயத்திலிருந்து துறவுக்கு வருபவருக்கு நான்கு மாதப் பரிவாஸமும் உண்டு. லத்தீனைப் போலவே பாளியும் புதியவரையும் தவறியவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. தமிழ்தான் இரண்டாகப் பிரித்துக்கொண்டது. பிரித்தது நல்லதென்றே எனக்குத் தோன்றுகிறது.

நன்னடத்தை = நல் + நடத்தை. ‘நட’வில் பிறந்த சொல். ‘நன்னடை’ என்ற அதன் பழைய வடிவம் புறநானூற்றில் உண்டு: ‘நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே’ (312). ‘தண்ணடை’ என்று பாடம் கொள்வோரும் உள்ளனர். அப்படியானால் அரசன் தரவேண்டியது மருதநிலம். நான் நன்னடையின் பக்கம். பிள்ளையைச் சான்றோனாக்குவது தகப்பன் பொறுப்பென்றால், நல்ல நடைக்கு வழிசெய்வது அரசின் பொறுப்பு. அந்த அரசின் கடன் இன்று ஒரு உத்தியோகத்தரின் தலையில் விழுந்திருக்கிறது.

அவர் செய்வது இதுதான். நீதவான் சிறைத்தண்டனை விதிக்காமல் நன்னடத்தைக் கட்டளை பிறப்பிக்கிறார். குறித்த காலம்வரை அந்த ஆள் வீட்டிலேயே இருந்து, வேலைக்குப் போய், உத்தியோகத்தரின் கண்காணிப்பில் நடக்கவேண்டும். உத்தியோகத்தர் வீட்டு நிலைமையை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். நிபந்தனையை மீறினால் மறுபடி நீதிமன்றம். பழைய குற்றத்துக்கே தண்டனை வரலாம்.

தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் இதன் நிறம் வேறு. ஜீப் ரோட்டில் நிற்கும்; ஐயா கோப்போடு படியேறி வருவார். சுவருக்குச் சுவர் ஒட்டிய காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள். அவர் கதவைத் தட்டுமுன் ஐந்தாம் காம்பராக்காரருக்கும் யாருடைய வீட்டுக்கென்று தெரிந்துவிடும். பரிவாஸத்தில் பிக்கு வாயால் சொல்லவேண்டியதை இங்கே லயமே சொல்லிவிடுகிறது. உத்தியோகத்தரைப் பார்க்க டவுனுக்கு இறங்கினால் அன்றைக்குப் பேர் விழாது. சீக்கிரம் திரும்பினால் அரைப்பேராவது கிடைக்குமா என்று கங்காணியிடம் கேட்கவேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்பது நாட்கூலியும் மானமும். இரண்டும் ஒரே நாளில் போகும்.

தோட்டத்து அம்மாமாருக்குப் புரொபேஷன் என்றதும் நினைவுக்கு வருவது பிள்ளைகள்தான். நன்னடத்தைத் திணைக்களத்தின் பெயரிலேயே ‘சிறுவர் பராமரிப்பு’ ஒட்டியிருக்கிறது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தோடு இது மாகாணங்களுக்குப் போனது. நுவரெலியாக்காரர் மத்திய மாகாணத்தையும், பதுளைக்காரர் ஊவாவையும் நாடவேண்டும். சம்பளமில்லாத சமூக வேலை செய்யச் சொல்லும் கட்டளை வேறு. அது 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களத்தின் கீழ் வருகிறது.

தமிழ்நாட்டில் ‘அலுவலர்’, இங்கே ‘உத்தியோகத்தர்’. அது பெரிய பேதமில்லை. பரோலை நன்னடத்தையோடு குழப்புவதுதான் பெரிய பிழை. பரோல் என்பது பிரெஞ்சில் ‘வாக்கு’. சிறைக்குள் போனவர் வாக்குக் கொடுத்து வெளியே வருவது. நன்னடத்தையில் இருப்பவருக்குச் சிறைத்தண்டனையே விதிக்கப்படவில்லை. ஆகவே எப்போதாவது பத்திரிகையில் கண்ணில் படும் ‘நன்னடத்தைக் கைதி’ என்றொரு ஆள் புரொபேஷன் என்ற பொருளில் இருக்கவே முடியாது.