குட்டி எடை ஆட, விட்டம் நிற்கும்

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாலாற்றுப் பாலத்தில் நடக்கும்போது லாரி போனால் அதிருதே, பாலம் வீக்கா?"

அதிர்வை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சுமை ஓடினால், பாலத்தைத் தாங்கும் எந்த விட்டமும் (உத்தரமும்) வளைந்து நிமிரும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவைக்கூடப் பாதம் உணர்ந்துவிடும். விரிசல் விட்டு உள்கம்பி தெரிந்தால் நெடுஞ்சாலைத் துறைக்கு எழுத வேண்டும். பாலம் நரபலி கேட்கும் என்று இன்னமும் புரளி கிளப்புகிறவர்களுக்கு எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

அசைவு வம்பாகப் பெருகுவது ஒத்ததிர்வில்; அது பள்ளியில் படித்ததுதான். தள்ளும் அதிர்வெண்ணும் விட்டத்தின் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றானால் ஆட்டம் பெருகும். ஒரு மோட்டார் இரும்பு விட்டத்தை அப்படி ஆட்டுகிறது என்று வையுங்கள். விட்டத்தைத் தடிமனாக்கலாம், ஆனால் காசு. 1909இல் ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃப்ராம் காப்புரிமை கோரிய வழியோ அழகு. ஸ்பிரிங்கில் ஒரு சிறு எடையைக் கட்டி, அந்த ஜோடியின் அதிர்வெண்ணை மோட்டாருடையதோடு பொருத்தி, விட்டத்தில் தொங்கவிடுங்கள். விட்டம் ஏறத்தாழ நின்றுவிடும்; எடை மட்டும் பேயாட்டம் ஆடும்.

ஏன்? மோட்டார் மேலே தள்ளும் கணத்தில் ஸ்பிரிங் அதே அளவு விசையோடு விட்டத்தைக் கீழே இழுக்கிறது. அந்த அளவை யாரும் கணக்குப் போட்டுத் தருவதில்லை! விட்டம் அசைகிற வரை எடைக்கு உந்துதல் கிடைத்து அதன் வீச்சு ஏறுகிறது. எதிர்விசை சமமானதும் விட்டம் ஓய்கிறது, உந்துதலும் நிற்கிறது, வீச்சு அங்கேயே நிலைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மோட்டார் வேகம் மாறினால்தான் வம்பு. எடையைத் தொங்கவிட்டதால் பழைய ஒத்ததிர்வுக்கு இருபுறமும் இரண்டு புதிது முளைத்திருக்கும். ஒன்றில் மாட்டினால் மறுபடி ஆட்டம். அதனால்தான் சுருதி மாற்றக்கூடிய கருவிகள் வந்தன. ஸ்பிரிங்குக்குப் பதில் மெல்லிய பட்டையின் நுனியில் எடையை வைத்தால், அதை உள்ளே நகர்த்தினாலே போதும்: நீளம் பாதியானால் விறைப்பு 8 மடங்கு, அதிர்வெண் சுமார் 2.8 மடங்கு. இரும்புத்தூள் கலந்த ரப்பரில் நகர்த்தும் வேலையே இல்லை. மின்காந்தத்தில் கரண்டைக் கூட்டினால் ரப்பர் விறைத்துக்கொள்ளும். வளைந்தால் மின்னழுத்தம் தரும் பீசோ தகட்டை விட்டத்தில் ஒட்டிக் கம்பிச்சுருளோடு இணைத்தால், அந்த மின்சுற்றே எடையின் வேலையைப் பார்க்கும்.

பல கல்லூரிகளில் அதிர்வு மேடை (பொருளை ஆட்டிச் சோதிக்கும் கருவி) லட்சக்கணக்கான ரூபாய்க்கு வாங்கிப் பூட்டிக் கிடக்கிறது. இந்த வித்தையைச் செய்து பார்க்க அது வேண்டாம். நீள இரும்பு ஸ்கேல், பொம்மை மோட்டார், அதன் அச்சில் ஓரமாக ஒட்டிய நட்டு, கீழே வாஷர் நகரும் பட்டை: வேலூர்க் கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.