கிளாரினெட்டின் ‘கீ’: சாவியா, கட்டையா, விசையா?

‘இடது ஆள்காட்டி விரலால் ஏ சாவியை அமுக்கவும்’, ‘இந்தப் பாட்டின் சாவி ஜி’. ஆங்கிலப் பாடங்களைத் தமிழாக்கும்போது இப்படித்தான் எழுதிவிடுகிறார்கள். ‘கீ’ என்ற சொல் அங்கே மூன்று வேலை பார்ப்பது கவனத்துக்கு வருவதில்லை. ஆர்மோனியத்திலும் பியானோவிலும் விரலால் அமுக்குவது ஒரு கீ. கிளாரினெட், சாக்ஸபோன் உடம்பில் ஓடும் நெம்புகோலும் கீ. ஒரு பாட்டு எந்தச் சுருதியில், எந்தச் சுர அமைப்பில் நிற்கிறது என்பதும் கீ.

லத்தீனில் ‘கிளாவிஸ்’ என்றால் சாவி. இடைக்கால ஐரோப்பாவில் சுரத்தைச் சுட்டும் எழுத்தை அப்படி அழைத்தார்கள். பின்னர் அந்தச் சுரத்தை எழுப்பும் ஆர்கன் கட்டைக்கும் அதே பெயர் வந்தது. துளைக்கருவிக்கும் அந்தப் பெயரையே ஆங்கிலமும் பிரெஞ்சும் வைத்துக்கொண்டன. ஜெர்மன் மட்டும் ‘கிளாப்பெ’ என்கிறது. திறந்து மூடும் மூடி என்று பொருள். கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதுதான் பொருத்தமான பெயர்.

ஆர்மோனியத்துக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை; ‘கட்டை’ இருக்கிறது. வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையில் வரும் கறுப்புக் கட்டைகளை அரை சேர்த்துச் சொல்வதுதான் நம் சுருதிக் கணக்கு. சி என்றால் 1 கட்டை, ஜி என்றால் 5, பி ஃபிளாட் என்றால் 6½. இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால்தான் 3½ கட்டை என்று யாரும் சொல்வதில்லை. அமுக்கும் பொருளின் பெயரே சுருதியின் அளவாகவும் ஆகிவிட்டது. ஆங்கிலத்தைக் குறை சொல்ல நமக்கு அவ்வளவு உரிமை இல்லை!

பாட்டின் ‘கீ’யைச் சுருதி என்று மட்டும் எழுதினால் பாதிதான் வரும். ‘ஜி மைனர்’ என்பதில் 5 கட்டைச் சுருதி ஒரு பங்கு, மைனர் என்ற சுர அமைப்பு இன்னொரு பங்கு. இயல்பு மைனரின் சுரங்கள் நடபைரவி என்ற மேளகர்த்தா ராகத்தின் சுரங்களே.

இனி கிளாரினெட். ‘கிளாரினோ’ என்பது எக்காளத்தின் உச்ச ஒலிக்கு இத்தாலியர் வைத்த பெயர். அதன் செல்ல வடிவம் ‘கிளாரினெட்டோ’. நியூரம்பெர்க் நகரின் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் 1700-ஐ ஒட்டி உருவாக்கிய கருவியில் இரண்டே கீகள். ஒன்று ஆள்காட்டி விரலுக்கு, மற்றது கட்டைவிரலுக்கு. 1812-இல் இவான் முல்லர் 13 கீ கருவியைப் பாரிஸில் முன்வைத்தார். கிளாரினெட் கலைஞர் க்ளோசேவும் கருவி செய்பவரான பஃபேவும் சேர்ந்து வடிவமைத்து 1839-இல் காட்சிக்கு வைத்ததுதான் இன்று பெரும்பாலோர் வாசிக்கும் ‘போஎம்’ முறை. அதில் 17 கீ, துளைகளைச் சுற்றி 6 வளையம்.

இந்தப் பதினேழும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஏ கீயையும் கட்டைவிரலுக்கு மேலுள்ள ரெஜிஸ்டர் கீயையும் (ஒலியை மேலே தாவ வைப்பது) ஸ்பிரிங் மூடியே வைத்திருக்கும், அமுக்கினால் திறக்கும். சுண்டுவிரலுக்கான இ, எஃப் கீகள் நேர்மாறு: எப்போதும் திறந்திருக்கும், அமுக்கினால் மூடும். மூடுவதையும் ‘சாவி’ என்றால் மாணவர் குழம்பத்தான் செய்வார். விரல் படும் நெம்புகோலுக்கு ‘விசை’ நல்ல சொல். துப்பாக்கி விசை ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. துளைமேல் உட்காரும் ‘பேட்’ என்ற மெத்தைக்கு ‘மூடி’ போதும். பேச்சில் ‘கீ’ என்றே இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

தொடக்கத்தில் விசையையே தொடாமல் ஐந்து சுரம் வாசிக்கலாம். இடது கட்டைவிரல் பின்துளையை மூட, முன்னே ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்று துளைகளை மூடினால் அது ச. மோதிர விரலை எடுத்தால் ரி, நடுவிரலை எடுத்தால் க, ஆள்காட்டியையும் எடுத்தால் ம, கட்டைவிரலும் விலகினால் ப. வலது கை கருவியைத் தாங்கினால் போதும். ‘ச ரி க ரி ச’, பிறகு ‘ச ரி க ம ப ம க ரி ச’ என்று ஒவ்வொரு சுரத்தையும் நான்கு எண்ணிக்கை நிறுத்தி ஊதுங்கள். கீச்சிட்டால் முதலில் பார்க்க வேண்டியது மோதிர விரல்: துளையின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி போதும். அடுத்தது ஆள்காட்டியின் பக்கவாட்டு. அது தெரியாமல் ஏ விசையில் உரசிக்கொண்டிருக்கும்.

த-வுக்கு ஆள்காட்டி விரலை ஏ விசைமேல் உருட்டினால் போதும், தூக்கி வைக்க வேண்டாம். நி-யில்தான் சிக்கல். ஒரே ஒரு விசையில் நின்ற கை, ரெஜிஸ்டர் விசையோடு எல்லாத் துளைகளையும் சுண்டுவிரல் விசையையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். புல்லாங்குழலில் காற்றை அழுத்தினால் அதே விரலுக்கு மேல்ஸ்தாயி, அதாவது எட்டாம் சுரம் வரும். கிளாரினெட்டில் ரெஜிஸ்டர் விசை பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். ச பிடித்த அதே விரல்களில் மேல் ப கேட்கும். அதனால் இரண்டு ஸ்தாயிக்கும் ஒரே விரலடவு உதவாது.

பேண்டில் ‘எல்லோரும் சி வாசியுங்கள்’ என்றால் கலவரம்தான். அந்தச் சி-யை வாசித்தால் பி ஃபிளாட் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் 6½ கட்டையில் ஒலிக்கும், ஆல்ட்டோ சாக்ஸபோன் 2½-இல், புல்லாங்குழல் 1-இல். எல்லாம் ஒன்றுசேர 6½ கட்டையே வேண்டுமானால் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சி-யையும், ஆல்ட்டோ ஜி-யையும், புல்லாங்குழல் பி ஃபிளாட்டையும் வாசிக்க வேண்டும். டிரம்பெட்டில் உள்ளவை வால்வுகள். அவற்றை விசை என்று எழுதிக் குழப்ப வேண்டாம்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் விசையையும் மூடியையும் பிரித்துச் சொல்வது உதவும். மேல், கீழ்ப் பகுதிகளைப் பொருத்தும்போது மேல் வளையங்களை அமுக்கிக்கொள்ளாவிட்டால் இரண்டையும் இணைக்கும் பாலம் வளையும். அது விசைக் கோளாறு. மூடியில் கசிவா என்று பார்க்க, மெல்லிய சிகரெட் தாளை ஒரு விரற்கடை அகலத்துக்கு வெட்டி மூடிக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, விசையை மெல்ல மூடிய நிலையில் இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கினால் அந்த மூடியை மாற்ற வேண்டும், அல்லது சூடாக்கி மறுபடி உட்கார வைக்க வேண்டும். களகளவென்று சத்தம் மட்டும் வந்தால் துளையில் எச்சில் நீர் தேங்கியிருக்கும். அதே தாளால் ஒற்றி எடுத்தால் சரியாகிவிடும்.