காலனைசர்: ஆள வந்தவரா, மனை பிரித்தவரா?

ரெரா என்று நாம் சுருக்கிச் சொல்லும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், ‘புரமோட்டர்’ என்பவர் யார் என்று நீளமாக வரையறுக்கிறது. அதில் ஓரிடத்தில் பில்டர், காலனைசர், கான்ட்ராக்டர், டெவலப்பர், எஸ்டேட் டெவலப்பர் என்று ஐந்து பெயர்கள் வரிசையாக வரும். மற்ற நான்கும் தமிழ்நாட்டில் பழகியவை. காலனைசர் மட்டும் நம் பக்கத்துச் சொல் இல்லை. அகராதியைப் பார்த்து அப்படியே பெயர்த்தால் ‘குடியேற்ற ஆதிக்கவாதி’ என்று வந்து நிற்கும். மனை விற்கிறவரைச் சட்டம் ஏன் அப்படி அழைக்க வேண்டும்?

வேர் உழவில் இருக்கிறது. இலத்தீனில் ‘கொலெரே’ என்றால் உழுதல், நிலத்தைப் பண்படுத்தல். ‘கொலோனுஸ்’ உழவர், ‘கொலோனியா’ அவர்கள் புதிதாகக் குடியேறிய ஊர். ஐரோப்பியப் பேரரசுகள் கடல் கடந்து நிலம் பிடித்த காலத்தில்தான் காலனிக்கு ‘அடிமை நாடு’ என்ற பொருள் ஏறியது. ஆனால் பிரிட்டிஷ் ஆண்ட பஞ்சாபில் பழைய உழவுப் பொருளும் கூடவே புழங்கியது. 1880-கள் முதல் அரசு கால்வாய் வெட்டி, தரிசுக்குத் தண்ணீர் விட்டு, உழவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடங்களுக்குக் கால்வாய்க் காலனிகள் என்றே பெயர். லயால்பூர், இன்றைய ஃபைசலாபாத், அப்படி எழுந்த ஊர். அந்த நிலங்களுக்கென்று 1912-இல் தனிச் சட்டமே வந்தது. வடக்கே நில நிர்வாகத்தின் நாவில் காலனி இப்படித்தான் ஊறியது என்பது என் கணிப்பு.

1947-க்குப் பிறகு டெல்லிக்கு அகதிகள் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். தனியார் நிறுவனங்கள் சுற்றுக் கிராமங்களின் நிலத்தை வாங்கி மனை போட்டன. 1946-இல் தொடங்கிய டி.எல்.எஃப். சவுத் எக்ஸ்டென்ஷன், கிரேட்டர் கைலாஷ் போன்ற காலனிகளை உருவாக்கியது. 1957-இல் டெல்லி வளர்ச்சிச் சட்டம் வந்தது. 1961-இல் நிலத்தைப் பெருமளவில் அரசே கையகப்படுத்தி மேம்படுத்தும் கொள்கை வந்ததும் தனியாருக்கு நகருக்குள் வாசல் அடைபட்டது. அவர்கள் எல்லையைத் தாண்டினார்கள். தாண்டிய பக்கம் ஹரியானா. அங்கே 1975-இல் வந்த நகர்ப்புற மேம்பாடு, ஒழுங்குமுறைச் சட்டம், விளைநிலத்தைக் காலனியாக மாற்ற உரிமம் பெற்றவரைக் ‘காலனைசர்’ என்று அழைத்தது. காலனி ஆட்சி முடிந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை; அதே சொல் உரிமம் வாங்கிய ஓர் உள்ளூர்த் தொழிலுக்குப் பெயராகிவிட்டது.

அந்தச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்குள் கனமான கடமைகள் இருக்கின்றன. உரிமம் வேண்டுமென்றால் மேம்பாட்டுப் பணிகளின் மதிப்பீட்டில் 25 விழுக்காட்டுக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். மனை வாங்கியவர்களிடம் வசூலாகும் பணத்தில் 30 விழுக்காட்டை, கைக்கு வந்த 10 நாளுக்குள் தனிக் கணக்கில் போட வேண்டும். அது காலனிக்குள் செய்யும் பணிகளுக்கு மட்டுமே. பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு 5 ஆண்டு வரை சாலை, பூங்கா, குடிநீர், கழிவுநீர் எல்லாவற்றின் பராமரிப்பும் அவர் பொறுப்பு. பிறகு அவற்றை விலையின்றி அரசிடமோ உள்ளாட்சியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

கோளாறு எங்கே வந்தது? கடமை உரிமம் பெற்ற நிலத்தின் வேலியோடு முடிந்தது. வேலிக்கு வெளியே பெருஞ்சாலை, பெருங்குழாய், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் அரசின் வேலை; அதற்காக வெளிப்புற மேம்பாட்டுக் கட்டணம் தனியாக வசூலானது. உழவரிடம் துண்டு துண்டாக வாங்கிய நிலம் என்பதால் இரண்டு உரிமங்களுக்கு நடுவே விற்காத வயல்கள் நின்றன. டெல்லியை ஒட்டிய ஹரியானாவின் குர்கானில் ஒரு காலனிக்குள் 24 மீட்டர் சாலை அருமையாக ஓடும். வேலியில் வந்து முட்டி நின்றுவிடும். உள்ளே கழிவுநீர்க் குழாய் பதித்திருக்கும். கொண்டுபோய்ச் சேர்க்க வெளியே வாய்க்கால் இருக்காது. ஆழ்துளைக் கிணறு, டீசல் ஜெனரேட்டர், லாரித் தண்ணீர் என்று ஒவ்வொரு காலனியும் தனக்குத்தானே ஏற்பாடு செய்துகொண்டது. குர்கானுக்கு மாநகராட்சி 2008-இல்தான் வந்தது. பெருநகர வளர்ச்சி ஆணையம் 2017-இல். வீடுகள் முந்திவிட்டன, நகரம் பிந்திவிட்டது.

இனி தமிழுக்கு வருவோம். நம்மிடம் ‘காலனி’க்கு மூன்று பொருள். அடிமை நாடு ஒன்று. ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்னும்போது குடியிருப்பு. கிராமத்தில் ‘ஊர்’ ஒருபுறம், ‘காலனி’ மறுபுறம் என்னும்போது தலித் மக்களை ஒதுக்கி வைத்த தெரு. இந்த மூன்றாவது பொருளின் வலியால்தான் அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல்லை நீக்கப்போவதாகத் தமிழ்நாடு முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆகவே ‘காலனியாளர்’ என்று பாதி பெயர்ப்பது வேண்டாம்.

‘குடியேற்றுநர்’ பொருத்தம்போலத் தோன்றும். அதையும் நான் ஏற்கமாட்டேன். ஈழத் தமிழில் ‘குடியேற்றத் திட்டம்’ என்றால் இலங்கையின் கிழக்கே கல்லோயா முதலாக அந்நாட்டு அரசு நடத்திய குடியேற்றம்தான் நினைவுக்கு வரும். அது நில உரிமைச் சண்டையின் சொல். மேலும் இவர் யாரையும் குடியேற்றுவதில்லை. நிலத்தைப் பிரிக்கிறார், சாலை போடுகிறார், விற்கிறார். ‘மேம்பாட்டாளர்’ என்பதோ வேலை முடியும் முன்பே முடிந்ததாக ஒப்புக்கொள்கிறது.

லேஅவுட்டுக்கு நம் அலுவலகங்களில் ஏற்கெனவே ‘மனைப்பிரிவு’ என்று நல்ல சொல் இருக்கிறது. அதிலிருந்து காலனைசரை மனைப்பிரிப்பாளர் என்பதே சரி. பில்டர் கட்டுநர். புரமோட்டர் என்ற சட்டச் சொல் இருவரையும் அடக்குவதால் அதைப் பேச்சில் உள்ளபடியே விடலாம்.

மனைப்பிரிப்பு என்றால் கல் நட்டு வெள்ளையடித்து, ஜேசிபி விட்டு, செம்மண் கொட்டி, முகப்பில் வளைவு வைப்பது அல்ல. தமிழ்நாட்டுக் கணக்கில் பாருங்கள். 2 ஏக்கர் என்பது 87,120 சதுர அடி. 2,400 சதுர அடி கிரவுண்டாகப் பார்த்தால் 36-க்குச் சற்று மேல். சாலைக்கு 28 விழுக்காடு போகிறது என்று வைத்துக்கொண்டால் மீதி 62,726 சதுர அடி. அதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கு ஒதுக்கினால் விற்க நிற்பது சுமார் 56,450 சதுர அடி, அதாவது 23 கிரவுண்டும் அரையும். சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். 2 ஏக்கரில் முப்பது கிரவுண்டு விற்கிறார் என்றால் சாலையோ பூங்காவோ மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். வரைபடத்தில் பச்சை அடித்த இடத்துக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பார்த்துவிட வேண்டும். ஆகவில்லையென்றால் அந்தப் பூங்கா பிற்பாடு மனையாகி விலைபோகலாம்.

பெயர் எதுவானாலும் ரெராவின் வரையறை பவர் வாங்கி விற்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேம்படுத்துபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்றால் இருவருமே புரமோட்டர். பொறுப்பும் இருவருக்கும் கூட்டாகவே. புகார் எழுதும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.