பூட்டிக் கிடக்கும் கடைக்கு 30 நாள் கணக்கு

போன மாதம் மட்டும் மூன்று. மூன்றுமே காலிக் கட்டடம், மூன்றிலும் தீ. மூன்று உரிமையாளர்களும் என்னைப் பார்த்ததும் சொன்னது ஒன்றுதான்: "பிரீமியம் ஒரு வருஷம்கூட விட்டதில்லை சார்." மூன்றாவது ஆளிடம் பேசிவிட்டு வண்டியை எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், இதை எழுதாமல் விடக்கூடாது என்று.

முன்கூட்டியே ஒன்று. நான் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. எங்கள் பக்கம் சர்வேயர் என்றாலே பட்டாவை எடுத்து நீட்டுகிறார்கள். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். தீ, வெள்ளம் என்று வந்தால் எவ்வளவு நஷ்டம், எதனால் வந்தது, பாலிசியில் அடங்குமா என்று பார்த்து அறிக்கை தருவேன். பணம் தருவதும் மறுப்பதும் கம்பெனி. திட்டு வாங்குவது மட்டும் நான்.

போன மாத மூன்றும் இன்னும் முடியவில்லை, அவற்றைப் பற்றிப் பேசக்கூடாது. முடிந்துபோன ஒன்றைச் சொல்கிறேன். தருமபுரி டவுனுக்குள் தனியாக நிற்கிற ஒரு கடை. ஓய்வுபெற்ற வாத்தியாருக்குச் சொந்தம். வாடகைக்கு இருந்த ஜவுளிக்கடைக்காரர் தீபாவளி வியாபாரம் முடிந்ததும் காலி செய்துகொண்டு ஓசூர் போய்விட்டார். போகும்போது பிளைவுட் ரேக்குகளையும் அட்டைப்பெட்டிகளையும் சேலை கட்டி நிறுத்துகிற நாலு பொம்மைகளையும் அப்படியே விட்டுப் போனார். மார்ச் மாதம் பின்பக்கச் சந்தில் யாரோ குப்பைக்கு நெருப்பு வைக்க, காய்ந்த செத்தை வழியாக ஏறி, கண்ணாடி உடைந்த வென்டிலேட்டருக்குள் புகுந்துவிட்டது. நான் போனபோது அந்த நாலு பொம்மைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஸ்லாப் அடியில் கம்பி தெரிந்தது.

"எப்போதிருந்து காலி ஐயா?"

"காலின்னு சொல்லாதீங்க சார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் வந்து விளக்கேத்துறேன். சாவி என்கிட்டதான் இருக்கு."

நான் வாதாடவில்லை. கரண்ட் பில்லைக் கேட்டேன். டிசம்பர் ரீடிங் 48,217. பிப்ரவரி ரீடிங் 48,219. இரண்டு மாதத்துக்கு 2 யூனிட். அத்தனை வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து ஒரு பல்பு எரிந்த கணக்கு அவ்வளவுதான்.

தீ பாலிசியின் பொது நிபந்தனைகளில் மூன்றாவதைப் படித்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ் பாலிசியில் அது சொல்வது இதுதான்: கட்டடம் ஆள் புழக்கம் இல்லாமல் 30 நாளுக்கு மேல் கிடந்தால், நஷ்டம் நடப்பதற்கு முன்பே கம்பெனியிடம் சம்மதம் வாங்கி அதை எண்டார்ஸ்மென்ட்டாக, அதாவது பாலிசியோடு சேர்க்கிற எழுத்துமூலமான குறிப்பாக, பாலிசியில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லையா, அந்தக் கட்டடத்துக்குக் காப்பீடு அங்கேயே நின்றுபோகும். பாலிசிக் காகிதம் பீரோவில் இருக்கும், தேதியும் முடிந்திருக்காது, ஆனாலும் உங்கள் கட்டடத்தை அது தொடாது. 2021 ஏப்ரலில் இருந்து 5 கோடிக்குள் மதிப்புள்ள தொழிலிடங்களுக்கு இதற்குப் பதிலாக பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி வந்திருக்கிறது. வாசகம் பாலிசிக்குப் பாலிசி கொஞ்சம் மாறும், உங்கள் கையில் இருப்பதை எடுத்துப் படியுங்கள்.

இப்போது அந்த விளக்கு விஷயம். என் பொறுமை போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பூட்டு தொங்குவதால் கட்டடம் புழக்கத்தில் இருப்பதாக ஆகாது. சாவி உங்கள் இடுப்பில் இருந்தாலும் ஆகாது. பழைய பெயர்ப்பலகையும் உள்ளே கிடக்கிற நாலு நாற்காலியும் கணக்கில் வராது. வாரத்துக்கு ஒருநாள் திறந்து, கூட்டி, விளக்கு வைத்துவிட்டுப் போவது சாமிக்குப் போய்ச் சேரும், பாலிசிக்குச் சேராது. வாட்ச்மேன் வைத்தால் நல்லது, கம்பெனி சம்மதம் தரும்போது அதைப் பார்ப்பார்கள். ஆனால் ராத்திரி வாசலில் படுக்கிறவரை வைத்துக் கடை நடக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அந்த வேலை அங்கே நடக்கிறதா? அதுதான் கேள்வி.

"தீ வெளியிலிருந்துதானே வந்தது, என் தப்பு இல்லையே" என்றார் வாத்தியார். உண்மைதான். ஆனால் அந்த நிபந்தனை எதனால் எரிந்தது என்று கேட்பதில்லை, எத்தனை நாள் காலி என்றுதான் கேட்கிறது. ஆள் இருக்கிற கடையில் புகை வந்தால் பத்து நிமிடத்தில் பக்கெட்டோடு நாலு பேர் நிற்பார்கள். காலிக் கடையில் ஷட்டர் சிவக்கும்போதுதான் தெருவுக்கே தெரிகிறது.

2024 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியதே, அப்போதும் இதே கதைதான். வெள்ளம் பாலிசியில் அடங்கும். ஐந்து மாதமாக யாருக்கும் சொல்லாமல் பூட்டிக் கிடந்த குடோன் அடங்காது.

அடுத்தது கடன் வாங்கியவர்கள். "பேங்குலதான் சார் பாலிசி போட்டாங்க, அவங்க பார்த்துக்குவாங்க." பார்த்துக்கொள்வார்கள், தங்களுடையதை. பாலிசியில் வங்கிக்கென்று தனி ஷரத்து இருந்தால், நீங்கள் செய்த நிபந்தனை மீறல் வங்கியின் பங்கைப் பாதிக்காது. பாக்கிக் கடன் அளவுக்குப் பணம் வங்கிக்குப் போய்விடும். உங்களுக்குத் தரவேண்டிய பொறுப்பு தனக்கில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டால், வங்கிக்குக் கொடுத்ததை உங்களிடம் கேட்கிற உரிமையும் கம்பெனிக்கு வந்துவிடும். இதைச் சொல்லும்போது முகம் மாறாத ஆளை நான் பார்த்ததில்லை.

சொன்னால் பிரீமியம் ஏறிவிடும் என்கிற பயம் பலருக்கு. ஏறலாம், சில அபாயங்களைக் கழிக்கவும் செய்யலாம். ஆனால் 2007-க்கு முன்பு தீ காப்பீட்டுக்கு நாடு முழுக்க ஒரே கட்டணப் பட்டியல் இருந்தபோது, 30 நாளுக்கு மேல் உற்பத்தியும் சரக்கும் இல்லாமல் நிற்கிற ஆலைக்கு சைலண்ட் ரிஸ்க் என்று குறைந்த கட்டணமே இருந்தது. இப்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் போடுகிறது. கேட்டால்தானே தெரியும்? கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். சீசன் முடிந்து ஷெட்டைச் சாத்தினால் அடுத்த மாம்பழம் வரும்வரை அங்கே யார் இருக்கிறார்கள்?

திருட்டு வேறு பாலிசி. காலிக் கட்டடத்தில் செம்பு ஒயரையும் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போனால் தீ பாலிசியைக் காட்டாதீர்கள்.

ஆள் காலி செய்தால் செய்ய வேண்டியது. அன்றைக்கே மெயினை இறக்குங்கள், ஸ்விட்சை அணைப்பது போதாது, எலி கடித்த ஒயர் காத்துக்கொண்டிருக்கிறது. அவர் விட்டுப்போன அட்டை, ரேக், மெத்தை எதுவும் உள்ளே இருக்கக்கூடாது, அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்கு முன் அள்ளச் சொல்லுங்கள். மாசி பங்குனிக்கு முன் சுற்றிலும் செத்தையைச் செதுக்கிவிடுங்கள். தெரிந்தவர் கேட்டார் என்று ஃபிளெக்ஸ் சட்டம், பந்தல் சாமான், வைக்கோல் போட இடம் கொடுக்காதீர்கள். பட்டாசு வைக்க ஒரு மாதத்துக்குக் கேட்டால் தயவுசெய்து முடியாது என்று சொல்லுங்கள். 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நடந்த பட்டாசு வெடிவிபத்தை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடத்தின் உபயோகம் மாறி அபாயம் கூடினாலும் அதே மூன்றாம் நிபந்தனைதான். புது வாடகைக்காரர் பெயிண்ட் கடையோ மெத்தைக் கடையோ வைத்தாலும் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்.

கடிதம் அரைப் பக்கம் போதும். பாலிசி எண், எந்தத் தேதியிலிருந்து காலி, உள்ளே என்ன மிச்சம், யார் எப்போது வந்து பார்க்கிறார்கள், மெயின் இறக்கியாகிவிட்டதா. பாலிசி கொடுத்த கிளைக்கு மெயிலில் அனுப்பி, எண்டார்ஸ்மென்ட் கைக்கு வரும்வரை விடாதீர்கள். ஏஜென்ட் தம்பி வாட்ஸப்பில் "ஓகேண்ணா" என்று போட்டது சம்மதம் ஆகாது. நல்ல பையன்தான், ஆனால் அவன் கம்பெனி இல்லை.

வாத்தியாருக்கு நான் போட்ட நஷ்டக் கணக்கு 11.75 லட்சம். கம்பெனி கைவிரித்துவிட்டது. பென்ஷன் பணத்தில் பூசி, வெள்ளையடித்து, புதுப் பாலிசியும் போட்டுவிட்டார். கடைக்கு இன்னும் ஆள் வரவில்லை. போன வாரம் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை எனக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார். நாலு பக்கம், பத்தி பிரித்து, அடிக்கோடு போட்டு. அரைப் பக்கம் போதும் ஐயா என்றேன். "ஒண்ணும் விட்டுப்போகக்கூடாது சார்" என்றார்.