பட்டா உரிமைப் பத்திரம் அன்று

சென்ற வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து லேமினேஷன் செய்த பட்டாவை எடுத்து என் மேசைமீது வைத்தார். ஒரு குடும்பத்தின் மூத்த அண்ணன் பேரில் பட்டா இருந்ததைப் பார்த்து, ஓய்வூதியப் பணம் முழுவதையும் கொடுத்து அவரிடம் கிரயம் வாங்கியிருக்கிறார். இப்போது அந்த அண்ணனின் தங்கைகள் இருவர் பாகம் கேட்டு வழக்குத் தொடர்ந்திருக்கிறார்கள். "பட்டா இருக்கிறதே வக்கீல் சார், பிறகென்ன?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபமும் வருத்தமும் ஒன்றாக வந்தன.

பட்டா, நிலத்தின் சொந்தக்காரர் யார் என்று சொல்லும் ஆவணம் அன்று. தீர்வையை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வருவாய்த்துறை வைத்திருக்கும் பதிவு அது. அத்தகைய பதிவுகள் உரிமையை உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது. அண்ணன் ஊரில் இருந்தார், தீர்வை கட்டினார், அவர் பேர் ஏறியது. அதனால் தங்கைகளின் பாகம் கரைந்துபோகாது. அனுபவத்தைக் காட்டும் துணைச்சான்றாகப் பட்டா உதவும், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தின் வேர் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இருக்கிறது. பாராமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) 1792-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் தொடங்கி, 1820-ல் மன்றோ ஆளுநரானபின் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறையில், அரசு உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கியது. அந்தத் தீர்வைக்கான சீட்டுதான் பட்டா. அந்த வசூலுக்கான பொருளியல் நியாயம் லண்டனிலிருந்து பின்னால் வந்தது. மிக மோசமான நிலத்தின் விளைச்சலைவிட நல்ல நிலம் கூடுதலாகத் தருவதே நில வாரம், அதாவது நிலத்துக்கான வாடகை, என்று பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-ல் எழுதினார். 1819-ல் கம்பெனிப் பணியில் சேர்ந்த ஜேம்ஸ் மில், இந்தியாவில் அந்த உபரியை அரசே எடுத்துக்கொண்டால் உழவுக்குக் குந்தகம் வராது என்று வாதாடினார்.

ஆனால் எது உபரி, எது உழவன் வீட்டுக் கூழுக்கான தானியம் என்று பிரித்தறிய வசூலுக்குப் போனவரிடம் நம்பத்தக்க அளவுகோல் இல்லை. தீர்வை பாக்கிக்காக விரல்களைக் கிட்டியில் நெரித்ததையும், கழுத்தைக் கால்விரலோடு பிணைத்துக் குனியவைத்ததையும் சித்திரவதை விசாரணைக் குழு 1855-ல் பதிவு செய்தது. பட்டாதாரர் நிலையே இதுவென்றால், அவருடைய வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும்பாலோருக்கு அந்தச் சீட்டும் கிடைக்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-ல் அவர்களுடைய வறுமையை எழுதியபின், 1892-ல் தரிசு நிலங்களை அவர்களுக்கு ஒதுக்க ஆணை வந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் அதே மக்களுக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையுள்ள அந்தப் பஞ்சமி நிலங்களிலும் இன்று பிறர் பேரில் பட்டா இருக்கிறது. அதையும் நம்பி வாங்குகிறார்கள்.

மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வாரிசுகள் அனைவரும், முக்கியமாக மணமாகி வெளியூர் போன பெண்களும், பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பஞ்சமி நிலமா என்று பழைய பதிவேட்டில் பார்க்காமல் கைநீட்டிப் பணம் கொடுக்காதீர்கள். தரகர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். தயவுசெய்து, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே காகிதங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்த ஆசிரியரின் வழக்கு அடுத்த மாதம் வருகிறது. தங்கைகளிடம் சமரசம் பேசிக்கொண்டிருக்கிறேன்.