ஈசிஜியில் மாரடைப்பு, தலைக்குள் இரத்தக்கசிவு

திடீர்த் தலையிடியோடு மயங்கி விழுந்தவருக்கு ஈசிஜி எடுத்தால், சில வேளை அது மாரடைப்புப் போலவே வரும். இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதமும் கூடியிருக்கலாம். ஆனால் இதயக் குழாயில் அடைப்பு இருக்காது. மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு நடுவே இரத்தம் கசிந்திருக்கும்.

அடிபடாமல் வரும் இந்தக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம், மூளைக் குழாயில் பலூன் போல வீங்கிய ஓர் இடம் வெடிப்பதுதான். வெடித்ததும் தலைக்குள் அழுத்தம் ஏறும். உடம்பு அட்ரினலின் வகைச் சுரப்புகளை அள்ளிக் கொட்டும். அந்த அடி இதயத் தசையில் விழுந்து அதைத் தளர்த்தலாம். சிலருக்குத் துடிப்பு வேகமாகும், சிலருக்கு நிமிடத்துக்கு 50க்கும் கீழே இறங்கும், சிலருக்குத் தாளமே தப்பும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் கீழறைகள் மின்னேறி மீள எடுக்கும் நேரம், நீளும். அதோடு பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால்தான் எங்களுக்குப் பயம். சத்தி எடுத்துக் களைத்தவருக்கு இவை குறையலாம். அந்தச் சத்திக்கு நாங்கள் போடும் ஒண்டான்செட்ரோனும் க்யூடியை நீட்டக்கூடிய மருந்துதான்! உயிராபத்தான துடிப்பு இப்படித்தான் கிளம்பும். "தலையில வருத்தம், நெஞ்சில ஏன் டொக்டர் வயர்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். முதல் சில நாட்கள் மொனிட்டரைக் கழற்ற மாட்டோம். இதயத்தின் இந்தத் தளர்ச்சி அநேகமாகச் சில நாட்களில், கிழமைகளில் தேறிவிடும்.

மாரடைப்பு என்று நினைத்து வைத்தியம் செய்வதுதான் பெரிய ஆபத்து. இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோக்ரெல், இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி எல்லாமே கசிவை மோசமாக்கும். ஈசிஜி குழப்பும் இடத்தில் வழிகாட்டுவது கூட வந்தவரின் வாய்தான். மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ ஏற்றிக்கொண்டு வருபவர்கள், ஆள் விழுந்ததைச் சொல்வார்கள். விழ முதல் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தியதைச் சொல்லமாட்டார்கள். "வயலுக்குப் போகக்குள்ள மண்டை வெடிக்குது எண்டாரு" என்று நாங்கள் துருவிக் கேட்ட பிறகு வரும். அந்த ஒரு வரி கிடைத்தால் ஸ்கான் முந்தும்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறிய, வாழ்நாளில் பட்டிராத தலையிடி. பிடரி விறைப்பு, சத்தி, வெளிச்சம் பார்க்க ஏலாமை. இப்படி என்றால் வெயில் பட்டது, பிரஷர் கூடிட்டு என்று பின்னேரம் வரை பார்த்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். முதல் 6 மணித்தியாலத்துக்குள் எடுக்கும் சிடி ஸ்கானில் கசிவு தப்புவது மிக அரிது. டிஸ்பிரினும் அஸ்பிரின்தான், கரைத்துக் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீரும் பருக்கக் கூடாது. கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளிசைகளையும் கையோடு கொண்டு வாருங்கள். அதில் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் இருந்தால் வாசலிலேயே சொல்லுங்கள்.